‘ஏன்?’ என்ற இரண்டெழுத்து

2018இல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோலாலம்பூர் செந்தூலில் டியூஷன் முடித்த அண்ணன் மகளை ஏற்றிக்கொண்டு செலாயாங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. ஜாலான் கூச்சிங் வழக்கம்போல் அடைத்துக் கிடந்தது. படிவம் மூன்று படிக்கிற பெண், பதினைந்து வயது. பக்கத்து இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: “அத்தை, கிளினிக்ல டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொன்னா, அவங்க அத அம்மாகிட்ட சொல்லிடுவாங்களா?”

நான் சொன்னது: “ஏன்? என்ன செஞ்ச?”

“சும்மா லா. கூட படிக்கிறவ ஒருத்தி கேட்டா.” இரண்டு காதிலும் இயர்போன் ஏறியது. செலாயாங் வரைக்கும் வைப்பர் சத்தம் மட்டும்தான்.

இப்போது அவளுக்கு இருபது தாண்டிவிட்டது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரைப் போடாதீங்க, டியூஷன் இடத்தையும் மாத்திடுங்க” என்றாள். மாற்றிவிட்டேன். எழுத இத்தனை வருடம் ஆனதற்குக் காரணம் அவள் இல்லை, நான்தான். மாதவிடாயை மறைத்துப் பேசுவதைத் திட்டி முகநூலில் நீளமாக எழுதிப் பாராட்டு வாங்கியவள் நான். குடும்பத்துப் பிள்ளைகள் எதையும் என்னிடம் சொல்லலாம் என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. கடைசியில் ஒரு பிள்ளை நிஜமாகவே கேட்டபோது, போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பதுபோல் இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டேன்.

நம் வீடுகளில் ‘ஏன்’ என்பது கேள்விச் சொல் என்று இலக்கணத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஏன் லேட்டு, ஏன் கதவைச் சாத்தின, ஏன் சிரிக்கிற. இவற்றில் எதற்கும் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியும். ‘ஏன்’ வந்துவிட்டது என்றால் தீர்ப்பு பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். அவள் என்னிடம் கேட்டது ஒரு தகவல். டாக்டர் சொல்வாரா, மாட்டாரா. யோசித்துப் பார்த்தால் எனக்கு அதற்குப் பதிலே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

பேசாத குடும்பமா?

‘நம் தமிழர்கள் இதையெல்லாம் பேச மாட்டார்கள்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. கருத்தரங்குகளில் தவறாமல் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, மண்டபத்தின் பின்பக்கம் காய் நறுக்குகிற பெண்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எது பேசப்படவில்லை என்று. கத்தரிக்காயிலிருந்து வாழைப்பூ வரை எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். என் பெரியத்தை, ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர், சொல்லும் கதைகளை இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சின்னப் பெண் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தால் மட்டும் அத்தனை பேரும் சட்டென்று வெங்காயத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். “பெரியவங்க பேசுற இடத்துல உனக்கு என்ன வேலை? போய் ஃபேனுக்குக் கீழ உக்காரு.”

இவளுடைய மஞ்சள் நீராட்டு 2015இல் நடந்தது. மேடை, பூ அலங்காரம், பெயர் போட்ட பேனர், மாமன் சீர் தாம்பாளங்கள், எதிலும் குறை வைக்கவில்லை. அதற்கு முன் பதினாறு நாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுத்தோம். தண்ணீர் ஊற்றும்போது அத்தைகளும் மாமிகளும் அடித்த கிண்டலில் அவள் முகம் சிவந்ததை அலங்காரக்காரி பவுடர் போட்டு மறைத்தாள். இத்தனை பெண்கள் ஒரே நாளில் அவளைச் சூழ்ந்து நின்றோம். முதல் இரண்டு வருடம் மாதவிடாய் தள்ளியும் முந்தியும் வரலாம், இடையில் கொஞ்சம் வெள்ளை படுவது சாதாரணம், நிறம் மாறினாலோ அரித்தாலோ நாற்றம் வந்தாலோ சொல்லு என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், சந்தனக் கிண்ணத்தோடு.

மறுவருடம் படிவம் ஒன்றில் எச்பிவி வைரசுக்கான தடுப்பூசி. 2010இலிருந்து மலேசியாவில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிற ஊசி அது. அப்போது இரண்டு தவணை. முன்னதாக வீட்டுக்குச் சம்மதக் கடிதம் வரும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அண்ணி சோறு வடித்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“இது எதுக்கும்மா?”

“கேன்சர் வராம இருக்க.”

“எந்தக் கேன்சர்?”

“போய் யூனிஃபார்ம அயர்ன் பண்ணு.”

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரசால் வருவது. வைரஸ் பரவுவது உடலுறவால். அதனால்தான் அதற்கெல்லாம் நெடுநாள் முன்பே, பதின்மூன்று வயதில் போட்டுவிடுகிறார்கள். இவ்வளவுதான், சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் ‘உடலுறவு’ என்று ஒரு சொல் வருகிறது. பிள்ளை தானாக வந்து, காரணத்தோடு, கையில் அரசாங்கக் கடிதத்தோடு கேட்ட நேரம் அது. அயர்ன் பெட்டிக்கு அனுப்பிவிட்டோம்.

மூன்று மொழி இருந்தும்

சொல் என்றதும் நினைவு வருகிறது. அவள் படித்த படிவம் மூன்று அறிவியல் புத்தகத்தில் நான்காம் பாடம் ‘பெம்பியாக்கான்’, அதாவது இனப்பெருக்கம். ஓவரி, ரஹிம், ஃபாராஜ், சாக்கார் என்று உறுப்புகள் எல்லாவற்றையும் மலாயில் படித்து, படம் வரைந்து, கோடு இழுத்துப் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியவள் இவள். தோழிகளோடு பேச ஆங்கிலத்தில் ‘டிஸ்சார்ஜ்’. மருந்துக்கடை அலமாரியில் ‘கெபுத்திஹான்’. அம்மாவிடம் அதே சமாச்சாரத்துக்கு ‘வெள்ளைப்படுது’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதையும் குரலை இறக்கித்தான் சொல்வார். கூடவே ‘உடம்புச் சூடு, இளநி குடி’ என்று மருந்தும் வந்துவிடும். இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் நமக்குச் சூடுதான். ஒரே சங்கதிக்கு மகளிடம் இரண்டு மூன்று சொல், அம்மாவிடம் ஒரு சொல், இரண்டும் சந்திக்கிற இடம் வீட்டில் எங்கேயும் இல்லை.

உறுப்புகளுக்குப் பெயர் தேடினால் இன்னும் கஷ்டம். ‘பிறப்புறுப்பு’ என்றால் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. மற்றதெல்லாம் சண்டையில் கத்துகிற சொற்கள். யோனி என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், எனக்கே கதாகாலட்சேபம் மாதிரி இருந்தது. ஆக வீட்டில் புழங்குவது ‘அங்க’, ‘கீழ’, ‘அது’. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? அதைவிட, யாராவது எங்கே தொட்டார்கள் என்று சொல்லிவிட முடியுமா? நான் இப்போது வஜைனா என்றே சொல்லிவிடுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆண் பிள்ளைகள் பாடு தனி. என் அண்ணன், அதே அண்ணன்தான், பதினாலு வயதில் தூக்கத்தில் விந்து வெளியானதைப் பார்த்துவிட்டு நரம்பெல்லாம் தளர்ந்து போகிறது என்று நம்பி, நாளிதழின் மூலையில் வந்த ஒரு வைத்தியர் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, சேர்த்துவைத்த காசையெல்லாம் ஒரு டப்பா லேகியத்தில் போட்டவர். அது எல்லாப் பையன்களுக்கும் வருவது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. இதை என்னிடம் சொன்னபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. தன் மகனிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

மறுபடி ஜாலான் கூச்சிங்

மூன்று வாரம் போனது. அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. (இந்த வினைச்சொல்லைத் தெரியாமல்தான் போட்டேன், இருக்கட்டும்.) இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் மேசையில் அகராதிக்குப் பின்னால் ஒரு பச்சை பாட்டில் கண்ணில் பட்டது. வெற்றிலைச் சாறு கலந்த, பெண்கள் கழுவிக்கொள்கிற திரவம். இங்கே எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. வலைப்பந்துப் பயிற்சிக்கு ஏன் போகவில்லை என்று அண்ணி அவளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு ‘ஏன்’. நான் பாட்டிலைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே சாலை, அதே நெரிசல். முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே, திட்டம் எதுவும் இல்லாமல், என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பதினாறு வயது. தோட்டத்து வீடு, வெளியே தகரக் கதவு போட்ட குளியலறை. கீழே தாங்க முடியாத அரிப்பு. யாரிடம் கேட்பது? வீட்டில் காயத்துக்கு ஊற்றுகிற கிருமிநாசினி இருந்தது. அரிப்பு என்றால் கிருமி, கிருமி என்றால் கிருமிநாசினி, இதுதான் என் விஞ்ஞானம். தண்ணீர் கலக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு மூடி நிறைய எடுத்து ஊற்றிக்கொண்டேன். தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு, கத்தினால் லயத்து வீடுகள் முழுக்க ஓடி வந்துவிடும் என்று துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மூன்று நாள் வாத்து மாதிரி நடந்தேன். பள்ளி விளையாட்டுப் போட்டியில் கால் சுளுக்கிக்கொண்டது என்று அம்மா நினைத்துவிட்டார். நானும் ஆமாம் என்றேன். மூன்று நாளும் ராத்திரி என் கணுக்காலுக்குத் தைலம் போட்டு நீவிவிட்டார் பாவம்.

அவள் இயர்போனைக் கழற்றினாள். முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு, பிறகு அடக்க முடியாமல் குனிந்து குனிந்து சிரித்தாள். “கணுக்காலுக்கா? ஐயோ, பாட்டி பாவம் லா!” லாரி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். சிரிப்பு அடங்கி, ஒரு சமிக்ஞை விளக்கு தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“எனக்கும் அரிக்குது அத்தை. ஒரு மாசமா.”

நான் சாலையைப் பார்த்தபடியே “ம்” என்றேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இணையத்தில் தேடியிருக்கிறாள். உடலுறவால் வரும் நோய்களின் பட்டியல்தான் முதலில் வந்திருக்கிறது. பயந்துபோய் அந்தப் பச்சை பாட்டிலை வாங்கி ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவியிருக்கிறாள். கழுவக் கழுவ அதிகமாகியிருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, “நான் யாரோடவும் எதுவும் செய்யல அத்தை. சத்தியமா” என்றாள்.

அந்தச் ‘சத்தியமா’வை நான் மறக்கவே இல்லை. அரிக்கிறது என்று சொல்வதற்கு ஒரு பிள்ளை முதலில் தன் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மூன்று வாரத்துக்கு முன் கேட்ட ‘என்ன செஞ்ச’வுக்குத்தான் அவள் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வார அரிப்பு என் கணக்கு.

“செய்யலன்னா சரி. செஞ்சிருந்தாலும் டாக்டர்கிட்டதான் போகணும். ரெண்டுக்கும் அதே கிளினிக்தான்” என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, யோசித்துச் சொன்னதில்லை. அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் டாக்டர் சொன்னது: ஈஸ்ட் தொற்று. அந்தப் பூஞ்சை பலர் உடம்பிலும் சும்மா இருப்பதுதான். வியர்வையில் ஊறிய இறுக்கமான விளையாட்டு உடையை நாள் முழுக்கப் போட்டிருப்பது, ஆண்டிபயாட்டிக் மாத்திரை, வாசனை கலந்த கழுவுநீர், இவற்றால் பெருகிவிடும். உடலுறவு என்றால் என்னவென்றே தெரியாத பெண்ணுக்கும் வரும். வஜைனா தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், உள்ளே எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம், வெளியே வெறும் தண்ணீர் போதும். பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டுக் கிரீம் போட்டால் சரியாகிவிடும். ஒரு மாதம் ஒளித்துவைத்த நோய்க்கு இவ்வளவுதான் வைத்தியம்.

சத்தியம் செய்யாதது

காரில் இன்னொன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். “அம்மாகிட்ட சொல்லாதீங்க, சத்தியம் பண்ணுங்க” என்று கையை நீட்டினாள். கியரில் இருந்த என் கை எழுந்துவிட்டது. அந்த நேரத்தில் அவளுக்காக எதை வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். என்னமோ ஒரு தயக்கம், கையைத் திரும்ப கியரிலேயே வைத்துவிட்டேன். “சொல்லவே மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன், அத வேணும்னா பண்றேன்.”

அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அப்போது அது கோழைத்தனமாகத்தான் பட்டது. இன்று அந்தப் பேச்சில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் சொன்னது ஈஸ்ட் தொற்றாக இல்லாமல், டியூஷனிலோ உறவிலோ ஓர் ஆள் தொடுகிறான் என்று இருந்திருந்தால்? சத்தியத்தைக் காப்பாற்றினால் அவனைக் காப்பாற்றியதாகிவிடும். 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எதிரான இப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். போலீஸ் என்றால் பயமாக இருக்கிறவர்கள் முதலில் 15999 தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பேசலாம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். ஆக, பிள்ளைகள் நம்மிடம் கேட்கிற ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’வுக்கு நம்மால் முழுசாக ஆமாம் போட முடியாது. போட்டுவிட்டுப் பிறகு மீறுவதைவிட, எதைச் சொல்வேன், யாரிடம் சொல்வேன் என்று முதலிலேயே காட்டிவிடுவது மேல்.

அவள் முதல் நாள் கேட்ட கேள்விக்கும் பதில் தேடினேன். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பெற்றோரின் சம்மதம் கேட்பதுதான் இங்கே வழக்கம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் நடத்துகிற கஃபே அட் டீன் என்ற இளையோர் மையங்கள் இருப்பதும் அப்போதுதான் தெரியவந்தது, 13லிருந்து 24 வயது வரை உள்ளவர்களுக்காக. நம் ஆட்களில் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறோம்? சரி, அது வேறு கட்டுரை. எங்களுக்கு அண்ணியின் சம்மதம் வேண்டியிருந்தது. “யார் சொல்றது, நீயா நானா?” என்று கேட்டேன். “நீங்க சொல்லுங்க, நான் ரூம்ல இருக்கேன்” என்றாள்.

அண்ணி அரிப்பைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இஞ்சி தட்டிக்கொண்டிருந்தவர் கல்லைக் கீழே வைத்துவிட்டு, “என் வயித்துல பொறந்தவ. உன்கிட்ட சொல்லணும்னு தோணிருக்கு, என்கிட்ட தோணல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இஞ்சிக் கையோடு. அப்புறம் அந்த எரிச்சலுக்கும் சேர்த்து அழுதார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என்னிடம்தான் சொன்னாள் என்ற பெருமை. வாரத்துக்கு ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஐஸ் மைலோ வாங்கித் தருகிற அத்தைக்கு நல்லவளாக இருப்பதில் என்ன கஷ்டம்? தினமும் எழுப்பி, திட்டி, படிக்கவைத்து, துணி துவைத்துப் போடுகிறவர் அவர். ‘ஏன்’ கேட்கிற வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. அவர் கேட்காமல் விட்டால் யார் கேட்பது? அவரும் ஒரு பச்சை முட்டைக்காரிதான், அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கிளினிக்குக் கிளம்பினோம். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். காரில் அண்ணி முன்னால், அவள் பின்னால். யாரும் பேசவில்லை. டாக்டர் அறைக்குள் மூன்று பேரும் நுழைந்தோம். அண்ணி ஆரம்பித்தார், நான் இடையில் திருத்தினேன், அண்ணி என்னைத் திருத்தினார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் இவகிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்” என்றார்.

“நான் அம்மா” என்றார் அண்ணி.

“தெரியுதும்மா. பரிசோதிக்கும்போது கூப்பிடுவேன். இப்ப பேசத்தான்.”

கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணியும் நானும். அவள் பள்ளிப் பை என் மடியில், அவள் தண்ணீர் பாட்டில் அண்ணி மடியில். எதிரே தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் ஏதோ சமையல். எனக்கு உள்ளே சுருக்கென்றது, மறைக்கவில்லை. கூட்டி வந்தது நான், என்னையுமா வெளியே அனுப்புவது? பக்கத்தில் பார்த்தேன், அண்ணியும் கதவையே முறைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். “அரிப்புக்கு இவ்வளவு நேரமா பேசுவாங்க?” என்று அண்ணி முணுமுணுத்தார். “தெரியல அண்ணி” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரத்தில் அண்ணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் பையோடு உட்கார்ந்திருந்தேன்.

மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று. அவள் முன்னால் நடந்தாள், கையில் மருந்துப் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டே. அண்ணி வேகமாக எட்டு வைத்து அவளைப் பிடித்தார். எனக்குத் தெரியும், என்ன கேட்கப் போகிறார் என்று. என் நாக்கிலும் அதேதான் நின்றது. அண்ணி வாயைத் திறந்தார், என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், பிறகு அவள் முதுகில் ஒட்டியிருந்த ஒரு முடியை எடுத்துப் போட்டார்.

“பசியாறலாமா?” என்றார்.

“ரொட்டி சானாய்” என்றாள் அவள். “ரெண்டு.”